பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்கு ஆர்சி புதுப்பிப்பது எப்படி: கடலூர், புதுச்சேரி வண்டிக்காரர்களுக்கு

பதினைந்து வருடம் ஆன வண்டியை இனி ஓட்டவே கூடாதாம் என்ற பேச்சை நம்பி, நல்ல நிலையில் இருக்கும் பைக்கைக்கூட எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். அந்தப் பேச்சு டெல்லியிலிருந்து வந்தது. பெட்ரோல் வண்டிக்குப் பதினைந்து வருடம், டீசல் வண்டிக்குப் பத்து வருடம் என்ற வரம்பு டெல்லிக்கும் அதைச் சுற்றிய தலைநகர் வட்டாரத்துக்கும் வந்தது. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் சொந்த உபயோக வண்டிக்கு அப்படி வயது வரம்பு எதுவும் இல்லை. 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 41ஆவது பிரிவு சொல்வது இவ்வளவுதான்: பதிவு முதலில் பதினைந்து வருடம் செல்லும், அதன்பின் வண்டியைக் காட்டி ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்கலாம். 2023 ஏப்ரல் 1 முதல் புதுப்பிக்க முடியாமல் போனது அரசுக்குச் சொந்தமான வண்டிகளுக்கு மட்டும்.

ஆகவே வயது தடையில்லை. வண்டிகள் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் வேலைகளைத் தப்பான வரிசையில் செய்வதால். காப்பீடு இருக்கும், புகைச் சான்று இருக்காது. இரண்டும் இருக்கும், அரசுக் கணினியில் வண்டியே இருக்காது. எல்லாம் இருக்கும், வண்டிச் சட்டத்தில் பொறித்திருக்கும் சேசிஸ் நம்பர் துருவில் மறைந்திருக்கும். கீழே உள்ளதை இதே வரிசையில் செய்தால் ஒரே தடவையில் முடியும்.

எப்போது தொடங்குவது

ஆர்சியில் பதிவு எந்தத் தேதி வரை செல்லும் என்று போட்டிருக்கும். பழைய புத்தகமாக இருந்து அந்த வரி இல்லாவிட்டால், முதல் பதிவுத் தேதியோடு பதினைந்து வருடத்தைக் கூட்டுங்கள். நீங்கள் மூன்றாவது ஓனர் என்றாலும் கணக்கு முதல் பதிவிலிருந்துதான்.

புதுப்பிக்கும் விண்ணப்பம் படிவம் 25. காலாவதி ஆவதற்கு அறுபது நாளுக்கு மேல் முன்னதாக இதைக் கொடுக்க முடியாது. ஆனால் வண்டியைத் தயார் செய்யவும் பழைய பதிவேட்டைச் சரிசெய்யவும் அறுபது நாள் போதாது. நான்கு மாதம் முன்பே கையில் எடுப்பது நல்லது.

தாமதித்தால் மத்திய விதிப்படி மாதத்துக்குப் பைக்குக்கு 300 ரூபாயும், கார் போன்ற மற்ற சொந்த வண்டிகளுக்கு 500 ரூபாயும் கூடுதல் கட்டணம். இரண்டு வருடம் மறந்துபோன பைக்குக்கு இதுவே 7,200 ரூபாய் ஆகிறது. பல ஐம்பது சிசி வண்டிகளின் சந்தை விலையே அவ்வளவுதான். பணம் ஒரு பக்கம் இருக்கட்டும், காலாவதியான ஆர்சியோடு ஓட்டுவது பதிவில்லாத வண்டியை ஓட்டுவதற்குச் சமம். 192ஆவது பிரிவில் முதல் தடவைக்கு 2,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் வண்டிச் சேதத்துக்கான தொகையை மறுக்க அதுவே காரணமாகிவிடும். ஏற்கெனவே தேதி தாண்டிவிட்டது என்றால், ஆய்வுக்குக்கூட ஓட்டிப் போகாமல் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு போங்கள்.

எந்த அலுவலகம்: முள்ளோடைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா

தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் எல்லை முள்ளோடை. இந்த வட்டாரத்தின் தனிச் சிக்கல் இது. கடலூர் பக்கம் ரெட்டிச்சாவடியில் வீடு, பைக் புதுச்சேரி எண்ணான பிஒய் 01. புதுச்சேரி பக்கம் பாகூரில் வீடு, கார் கடலூர் எண்ணான டிஎன் 31. தினமும் எல்லையைத் தாண்டுகிறவர்களுக்கு இது ஒரே ஊர். பதிவுக்கு மட்டும் வேறு வேறு.

வண்டி வழக்கமாக எங்கே நிற்கிறதோ அதுதான் சட்டத்தின் பார்வையில் அதன் ஊர். ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை இன்னொரு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால், 47ஆவது பிரிவின்படி அங்கே புது எண் வாங்க வேண்டும். யூனியன் பிரதேசத்துக்கும் இதே கணக்குதான். வேலைக்காகப் புதுச்சேரிக்குப் போய்விட்டு இரவு கடலூரில் நிறுத்துகிற டிஎன் 31 வண்டிக்கு ஒன்றும் செய்ய வேண்டாம். கடலூரில் குடியிருந்துகொண்டு பிஒய் எண்ணிலேயே வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்கள்தான் முடிவெடுக்க வேண்டும்.

உங்களுக்குப் புதுச்சேரியில் உண்மையான முகவரி இருந்து, வண்டியும் அங்கேயே இருந்தால் அங்கேயே புதுப்பியுங்கள். வண்டி கடலூரில்தான் என்றால் புதுச்சேரி போக்குவரத்துத் துறையிடம் படிவம் 28 கொடுத்து என்ஓசி (தடையின்மைச் சான்று) வாங்கி, கடலூரில் படிவம் 27 கொடுத்து டிஎன் எண் பெற வேண்டும். படிவம் 28 நான்கு பிரதி. நான்கிலும் சேசிஸ் நம்பரின் பென்சில் பிரிண்ட் ஒட்ட வேண்டும். வரி நிலுவை இல்லை என்பதும், வண்டி மேல் திருட்டு வழக்கு இல்லை என்பதும் சரிபார்க்கப்படும். 48ஆவது பிரிவின்படி முப்பது நாளுக்குள் என்ஓசி தரவோ, காரணத்தை எழுத்தில் சொல்லி மறுக்கவோ வேண்டும். இந்தப் பக்கம் வந்ததும் தமிழ்நாட்டு வரி தனியாகக் கட்ட வேண்டும். வண்டியின் வயதைப் பொறுத்து அது குறையும்.

என்ஓசி வேலையை ஆர்சி உயிரோடு இருக்கும்போதே முடியுங்கள். காலாவதியான பிறகு தளம் பெரும்பாலும் மற்ற சேவைகளைத் திறக்காது. முதலில் பழைய மாநிலத்தில் புதுப்பி, பிறகு என்ஓசி கேள் என்று இரட்டைச் செலவாகிவிடும். புதுச்சேரியில் தெரிந்தவர் வீட்டு முகவரியில் வாடகை ஒப்பந்தம் போட்டுக் காட்டும் பழக்கம் வேண்டாம். விபத்து நடந்து வழக்கு என்று வந்தால் முதலில் கிளறப்படுவது அந்த முகவரிதான்.

கணினியில் வண்டி இருக்கிறதா

இதைத்தான் பலரும் கடைசியில் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டும். பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். கையெழுத்தில் எழுதிய ஆர்சி புத்தகம் உள்ள வண்டிகள் பல, வாகன் என்ற அரசுக் கணினிப் பதிவேட்டில் ஏறாமலே கிடக்கும். பதிவேட்டில் இல்லாத வண்டிக்குக் கட்டணம் கட்ட முடியாது, ஆன்லைன் புகைச் சான்றும் தகராறு செய்யும். ஆர்சி புத்தகம், வரி கட்டிய ரசீது, பழைய காப்பீடு ஆகியவற்றோடு ஆர்டிஓ அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு, பேக்லாக் என்ட்ரி போட்டு ஏற்றச் சொல்ல வேண்டும். பழைய பேரேட்டைத் தேடி எடுத்து ஒப்பிட வேண்டியிருப்பதால் இதற்கு நாளாகும். பழைய தென்னார்க்காடு மாவட்டம் 1993இல்தான் கடலூர், விழுப்புரம் என்று பிரிந்தது. அதற்கு முன் பதிவான வண்டியென்றால் ஆர்சி புத்தகத்தில் உள்ள முத்திரையைப் பார்த்து, எந்த அலுவலகம் பதிந்தது என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். 1989 ஜூலைக்கு முந்தைய மூன்றெழுத்து எண்களுக்கு இது இன்னும் முக்கியம்.

வண்டி பதிவேட்டில் இருந்தாலும் விவரங்களை ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். தட்டச்சு செய்யும்போது பூஜ்யமும் ஆங்கில ஓவும், எட்டும் ஆங்கில பியும், ஒன்றும் ஆங்கில ஐயும் மாறிப்போவது சாதாரணம். ஆய்வு அன்று இது தெரிந்தால் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். உங்கள் இப்போதைய செல் நம்பர் பதிவில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஓடிபி அதற்குத்தான் வரும். வங்கிக் கடன் முடிந்தும் ஆர்சியில் உள்ள ஹைப்பாதிகேஷன் (கடன் அடமானக் குறிப்பு) நீக்காமல் இருந்தால் வங்கியின் தடையின்மைக் கடிதமும் படிவம் 35ம் கொடுத்து நீக்கிவிடுங்கள். பத்து வருடத்துக்கு முன் கடன் முடித்தவர்களில் பலர் இதைச் செய்திருக்க மாட்டார்கள். கடன் கொடுத்த நிறுவனமே இப்போது வேறு பெயரில் இருக்கும்.

சேசிஸ் நம்பரும் உப்புக்காற்றும்

கடலூர் முதுநகர், தேவனாம்பட்டினம், வைத்திக்குப்பம் போன்ற கடலோரப் பகுதிகளில் நின்ற வண்டிக்குச் சேசிஸ் நம்பர்தான் பெரிய கவலை. நம்பர் படிக்க முடியவில்லை என்றால் ஆய்வு அங்கேயே நின்றுவிடும்.

துருவைக் கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டி எடுக்கவே கூடாது. எழுத்தின் ஆழமே சில இடங்களில் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது, துருவோடு எழுத்தும் போய்விடும். மண்ணெண்ணெயோ டீசலோ தடவி ஒரு ராத்திரி ஊறவிட்டு, நைலான் பிரஷ்ஷால் தேயுங்கள். பிடிவாதமான துருவுக்கு, ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கியைத் துணியில் தொட்டு ஐந்து நிமிடம் வைத்து ஈரத்துணியால் துடைக்கலாம். காய்ந்ததும் லேசாக கிரீஸ் பூசிவிடுங்கள், பெயின்ட் வேண்டாம். பென்சில் பிரிண்ட் எடுக்க மெல்லிய வெள்ளைத்தாளை செல்லோடேப்பால் அசையாமல் ஒட்டி, 4பி போன்ற மென்மையான பென்சிலைச் சாய்த்துப் பிடித்து ஒரே திசையில் தேயுங்கள். நான்கைந்து பிரதி எடுத்து வைத்துக்கொள்வது உதவும்.

எழுத்து உண்மையிலேயே அழிந்திருந்தால் பட்டறையில் பஞ்ச் அடித்து மறுபடி பொறிக்காதீர்கள். நல்ல எண்ணத்தில் செய்தாலும் அது திருட்டு வண்டியின் அடையாளமாகவே பார்க்கப்படும். ஆர்டிஓவிடம் மனு கொடுத்து, அவர்கள் உத்தரவின் பேரில்தான் மறுபடி பொறிக்க வேண்டும்.

எஞ்சின் நம்பரும் ஆர்சியும் ஒத்துப்போக வேண்டும். யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். சேசிஸ் ஒன்று, எஞ்சின் வேறொரு வண்டியுடையது என்று ஓடுபவை ஏராளம். அனுமதி வாங்காமல் எஞ்சின் மாற்றுவது 52ஆவது பிரிவுக்கு எதிரானது. 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. வாங்கும்போதே பார்க்க வேண்டிய விஷயம் இது.

புகைச் சோதனை: வரம்புகள்

பெட்ரோல் வண்டியை ஐடிலில் (ஆக்சிலேட்டரைத் தொடாமல் எஞ்சின் ஓடும் நிலை) வைத்து கார்பன் மோனாக்சைடு எத்தனை சதவீதம், ஹைட்ரோகார்பன் எத்தனை பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) என்று அளக்கிறார்கள். வரம்பு வண்டி தயாரான காலத்தைப் பொறுத்தது. பழைய வண்டிக்குப் புது வண்டியின் அளவைக் கேட்க மாட்டார்கள். கீழே பாரத் ஸ்டேஜ் என்பது அரசு படிப்படியாகக் கொண்டுவந்த புகைத் தரம்.

2000 மார்ச் 31 வரை தயாரான இரு, மூன்று சக்கர வண்டிகள்: கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 9,000 பிபிஎம்.
அதன்பின் தயாரான டூ ஸ்ட்ரோக்: 3.5 சதவீதம், 6,000 பிபிஎம்.
அதன்பின் தயாரான ஃபோர் ஸ்ட்ரோக்: 3.5 சதவீதம், 4,500 பிபிஎம்.
பாரத் ஸ்டேஜ் 2க்கு முந்தைய பெட்ரோல் கார்: 3 சதவீதம், 1,500 பிபிஎம்.
பாரத் ஸ்டேஜ் 2, 3 கார்: 0.5 சதவீதம், 750 பிபிஎம்.
பாரத் ஸ்டேஜ் 4க்கு முந்தைய டீசல்: புகை அடர்த்தி 65 ஹார்ட்ரிட்ஜ் யூனிட், அதாவது கே மதிப்பு 2.45.

நாடு முழுக்க கார்களுக்குப் பாரத் ஸ்டேஜ் 2 வந்தது 2005 ஏப்ரலில், ஸ்டேஜ் 3 வந்தது 2010இல். ஆக, இப்போது பதினைந்தைத் தாண்டும் கார்கள் பெரும்பாலும் 0.5 சதவீத வரிசையில் விழும். புகைச் சோதனை சென்டரில் தப்பான வகையைத் தேர்ந்தெடுத்துச் சோதித்தால் நல்ல வண்டியும் தோற்கும், மோசமான வண்டியும் ஜெயிக்கும். திரையில் வண்டி விவரத்தை நீங்களும் எட்டிப் பாருங்கள்.

சான்று ஸ்டேஜ் 4க்கு முந்தைய வண்டிக்கு ஆறு மாதமே செல்லும். ஸ்டேஜ் 4, 6 வண்டிக்கு ஒரு வருடம். சான்று இல்லாவிட்டால் 190ஆவது பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதம் போகலாம்.

வண்டியைக் கொண்டுபோகாமலே நம்பரை மட்டும் சொல்லி சான்று வாங்கித் தருகிறேன் என்பவர்களை நம்ப வேண்டாம். அது மோசடி என்பது ஒருபுறம். பழைய எஞ்சினுக்கு நோய் என்ன என்று இவ்வளவு குறைந்த செலவில் சொல்லும் சோதனை வேறு கிடையாது. அதைத் தூக்கி எறிந்துவிட்டு, பிறகு போர் போய் பிஸ்டன் போய் ஆயிரக்கணக்கில் செலவழிப்பது வீண்.

சோதனைக்குப் போகும் முன்

எஞ்சின் நன்றாகச் சூடாக இருக்க வேண்டும். எஞ்சின் ஆயில் 60 டிகிரிக்கு மேல் இருப்பது சோதனை முறையிலேயே உள்ள நிபந்தனை. சைடு ஸ்டாண்டில் போட்டு ஐந்து நிமிடம் உறும விடுவது போதாது. பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நேராகப் போங்கள். தெருமுனை சென்டருக்கு வீட்டிலிருந்து குளிர்ந்த வண்டியை உருட்டிக்கொண்டு போய்த் தோற்றவர்கள் அதிகம். சோக் முழுதாக விடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

அளவெடுக்கும் குழாயைச் சைலன்சருக்குள் 300 மில்லிமீட்டர் வரை விட வேண்டும். வாயிலேயே வைத்தால் வெளிக்காற்று கலந்து அளவு பொய்யாகக் குறையும். சைலன்சர் துருப்பிடித்து ஓட்டையாக இருந்தாலும் இதே கதை. கடலோர வண்டிகளில் சைலன்சர் கீழ்ப்பக்கம்தான் முதலில் அரிக்கும், அங்கே பாருங்கள். ஓட்டையை அடைக்காமல் சோதிக்கக் கூடாது.

தோற்றால் ரிஜெக்ஷன் சீட்டு கேட்டு வாங்குங்கள். அதில் இருக்கும் இரண்டு எண்ணும் மெக்கானிக்குக் கிடைக்கும் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் மாதிரி.

கார்பன் மோனாக்சைடு மட்டும் அதிகம்: பெட்ரோல் அதிகமாகப் போகிறது. காற்று வடிகட்டி அடைப்பு, சோக் முழுதாகத் திரும்பாதது, கார்புரேட்டரில் ஃப்ளோட் மட்டம் உயர்ந்தது, தேய்ந்த நீடில், யாரோ மாற்றிப் போட்ட பெரிய ஜெட். இந்த வரிசையில் பாருங்கள். பாதி வண்டிகள் காற்று வடிகட்டியோடு சரியாகிவிடும்.

ஹைட்ரோகார்பன் மட்டும் அதிகம்: எரிய வேண்டியது எரியாமல் வெளியே போகிறது. பிளக், பிளக் கேப், ஹை டென்ஷன் வயர், டைமிங். ஃபோர் ஸ்ட்ரோக்கில் வால்வு இடைவெளியும் பாருங்கள். ஹீரோ ஹோண்டா நூறு சிசி வண்டிகளில் குளிர்ந்த எஞ்சினில் 0.05 மில்லிமீட்டர். இறுகிப்போன எக்ஸாஸ்ட் வால்வு, ஹைட்ரோகார்பனை எகிறவைக்கும். கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே உள்ள ரப்பர் விரிசல் விட்டிருந்தாலும் காற்று புகுந்து மிஸ்ஃபயர் ஆகும். ஐடிலில் அந்த ரப்பர் மேல் சோப்பு நீரைத் தெளியுங்கள், எஞ்சின் சத்தம் மாறினால் அங்கேதான் கோளாறு.

இரண்டும் அதிகம்: பெட்ரோலும் அதிகம், அதனால் பிளக்கும் கறுத்துவிட்டது. முதலில் பெட்ரோல் அளவைச் சரிசெய்து, பிறகு பிளக்கை மாற்றுங்கள். முதலில் பிளக்கை மாற்றினால் புதுசும் கறுத்துவிடும்.

கார்புரேட்டர் மிக்சர் ஸ்க்ரூவைத் திருப்பும் முன் அது எந்த வகை என்று பாருங்கள். காற்று வடிகட்டி பக்கம் இருந்தால் அது காற்று ஸ்க்ரூ, வெளியே திருப்பினால் பெட்ரோல் குறையும். எஞ்சின் பக்கம் இருந்தால் அது பெட்ரோல் ஸ்க்ரூ, வெளியே திருப்பினால் பெட்ரோல் கூடும். இதைக் குழப்பிக்கொண்டு திருப்பினால் சான்று கிடைக்கவே கிடைக்காது. மெதுவாக உள்ளே முட்டும் வரை திருப்புங்கள், இறுக்க வேண்டாம், இறுக்கினால் முனை உடைந்துவிடும். பிறகு ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து, அங்கிருந்து கால் சுற்று கால் சுற்றாக நகர்த்தி, ஐடில் வேகம் உச்சம் தொடும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். ஐடில் ஸ்க்ரூவால் வேகத்தை இறக்கிவிட்டு, பெட்ரோல் குறையும் பக்கம் இன்னும் அரைக்கால் சுற்று நகர்த்தினால் போதும்.

டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு ஆயில் கணக்கு தனி. கலந்து ஊற்றும் வண்டிக்கு ஐம்பதுக்கு ஒன்று என்றால் லிட்டருக்கு 20 மில்லி. பாதுகாப்புக்கு என்று இரட்டிப்பாக ஊற்றினால் எஞ்சின் கரி பிடிக்கும், புகையும் கூடும். ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் ஆயிலை ஊற்றவே கூடாது. 2டி ஆயில்தான். பம்ப் உள்ள ஆர்எக்ஸ் 100 போன்ற வண்டியில், ஆக்சிலேட்டர் கேபிளோடு பம்ப் குறி பொருந்துகிறதா என்று பாருங்கள். சைலன்சரின் உள்குழாயை உருவி, ஒட்டிய கரியைச் சுட்டுத் தட்டி எடுத்தால் பாதிப் புகை போய்விடும். ஆயில் அளவு சரியாக இருந்தும் அடர்ந்த வெள்ளைப்புகை நிற்காமல் வந்து, கியர் ஆயிலும் குறைந்துகொண்டே போனால் கிளட்ச் பக்க கிராங்க் சீல் போய்விட்டது. எந்த டியூனிங்கும் அதைச் சரிசெய்யாது.

ஸ்டேஜ் 2, 3 கார்களில் 0.5 சதவீதத்தைத் தொட, கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வேலை செய்தாக வேண்டும். மைலேஜ் கிடைக்கும் என்று அதைக் கழற்றி நேர்க்குழாய் வைத்த கார் தேறுவது கஷ்டம். ஆக்சிஜன் சென்சார் கெட்டாலும் கார்பன் மோனாக்சைடு ஏறும்.

இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ரப்பர் ஹோஸ்களையும் ஃப்ளோட் வால்வு முனையையும் ஊதவைக்கும். பெட்ரோல் கசிந்து மணம் வந்தாலோ கார்புரேட்டர் வழிந்தாலோ ஹோஸையும் கிட்டையும் மாற்றிவிடுங்கள். மழைக்காலத்தில் பல மாதம் ஓட்டாமல் நிறுத்துவதென்றால் கார்புரேட்டரைக் காலி செய்துவிட்டு நிறுத்துங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், அடியில் தண்ணீர் தேங்கும்.

டீசல் காரில் ஆக்சிலேட்டரை வேகமாக முழுதும் மிதித்து, எஞ்சின் உச்ச வேகத்தைத் தொடும்போது வரும் புகையை அளப்பார்கள். இதற்கு முன் டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று கணக்குப் பாருங்கள். கணக்குத் தெரியாத பழைய பெல்ட்டோடு இப்படி மிதித்தால், அது அறுந்து வால்வு வளைந்து எஞ்சினே போகலாம். ஊருக்குள் மட்டுமே மெதுவாக ஓட்டும் டீசல் வண்டியில் சைலன்சரில் கரி சேர்ந்திருக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழ் கியரில் கொஞ்ச தூரம் இழுத்து ஓட்டிவிட்டுப் போனால் அளவு நன்றாகக் குறையும். அதற்கும் மேல் கறுப்புப் புகை என்றால் காற்று வடிகட்டி, டர்போ ஹோஸ் கசிவு, இன்ஜெக்டர் நாசில் என்ற வரிசையில் பாருங்கள்.

காப்பீடு, விண்ணப்பம், கட்டணம்

பழைய வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் போதும். 2022 ஜூன் முதல் உள்ள விகிதத்தில் 75 சிசி வரை 538 ரூபாய், 150 சிசி வரை 714 ரூபாய், ஆயிரம் சிசிக்கு உட்பட்ட காருக்கு 2,094 ரூபாய், வரி தனி. பாலிசியில் உள்ள சேசிஸ், எஞ்சின் நம்பர்கள் ஆர்சியோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.

பிறகு பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணையும் சேசிஸ் நம்பரின் கடைசி ஐந்து எழுத்தையும் கொடுத்து, ஓடிபி போட்டு, பதிவு புதுப்பித்தல் சேவையைத் தேர்ந்தெடுத்துக் கட்டணம் கட்டலாம். இருபது வருடம் வரை பைக்குக்கு 1,000, மூன்று சக்கரத்துக்கு 2,500, காருக்கு 5,000 ரூபாய். இருபதைத் தாண்டிய வண்டிக்கு 2025 ஆகஸ்டில் இது இரட்டிப்பானது: 2,000, 5,000, 10,000. ஆர்சி ஸ்மார்ட் கார்டு என்றால் 200 ரூபாய் தனி. தமிழ்நாட்டில் இதோடு ஐந்து வருடத்துக்கான கிரீன் டாக்ஸும் (பழைய வண்டிக்கான வரி) சேரும். முழுத் தொகையைத் தளமே கணக்கிட்டுக் காட்டும். ரசீதில் உள்ளதற்கு மேல் யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை.

கையில் இருக்க வேண்டியவை: அச்செடுத்துக் கையெழுத்திட்ட படிவம் 25, அசல் ஆர்சி, காப்பீடு, புகைச் சான்று, முகவரிச் சான்று, பான் கார்டு அல்லது படிவம் 60, பென்சில் பிரிண்ட், கட்டண ரசீது.

ஓனர் இறந்துவிட்டார் என்றால் புதுப்பிக்கும் முன் பெயர் மாற்றம். அப்பா பெயரிலேயே பத்து வருடமாக ஓடும் வண்டிகள் இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. படிவம் 31, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும். இறந்து மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. தாமதமானாலும் செய்துவிடுங்கள். ஆர்சி தேதி முடிவதற்குள் இதை முடித்துவிட்டால் நல்லது.

பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால்

பிரேக் இன்ஸ்பெக்டர் என்று நாம் சொல்லும் மோட்டார் வாகன ஆய்வாளரின் ஆய்வு பெரும்பாலும் சில நிமிட வேலைதான். முதலில் நம்பர்கள். அடுத்து ஹெட்லைட் டிம், பிரைட், இண்டிகேட்டர் நான்கும், பிரேக் லைட், ஹார்ன். முன் பிரேக் பிடித்தால் மட்டும் பிரேக் லைட் எரியாத பைக்குகள் அதிகம், இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். கண்ணாடி இரண்டு, பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர். டயரின் ஓரத்தில் தேய்மானக் குறி உள்ள இடத்தில் பட்டை மட்டத்துக்குத் தேய்ந்திருந்தால் டயரை மாற்றிவிட்டுப் போங்கள். பெரிய சத்தம் போடும் சைலன்சரைக் கழற்றி ஒரிஜினலை மாட்டுங்கள். வண்டியின் நிறம் ஆர்சியில் உள்ளபடி இருக்க வேண்டும். கார்களில் பிரேக் இன்ஸ்பெக்டர் அடியில் குனிந்து பார்ப்பது தரைத்தகடும் சஸ்பென்ஷன் பிடிக்கும் இடமும். அங்கே உப்புத் துருவில் ஓட்டை இருந்தால் ஃபைபரும் புட்டியும் வைத்து மறைக்காமல், தகடு வெட்டி வெல்டிங் வைத்துவிட்டுக் கொண்டுபோங்கள்.

நம்பர் பிளேட் வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து. காருக்கு எழுத்தின் உயரம் 65 மில்லிமீட்டர், கனம் 10. பைக்குக்கு முன்னால் 30 மில்லிமீட்டர், பின்னால் எழுத்து 35, எண் 40. தமிழ் எழுத்தில் எழுதிய பிளேட்டுக்கு நம் ஊரில் பிரியம் அதிகம். ஆனால் மத்திய விதி 50 ஆங்கில எழுத்தையும் வழக்கமான எண்களையும்தான் கேட்கிறது. தலைவர் படமும் சாய்வு எழுத்தும் இருந்தால் திருப்பி அனுப்புவார்கள்.

தேறாவிட்டால் குறையை எழுத்தில் கேளுங்கள். சரிசெய்து மறுபடி காட்டலாம். மறுப்பு நியாயமில்லை என்று தோன்றினால் 57ஆவது பிரிவில் முப்பது நாளுக்குள் மேல்முறையீடு உண்டு. புது ஆர்சி வந்ததும் பெயர், நம்பர், எரிபொருள், செல்லும் தேதி ஆகியவற்றை அன்றைக்கே ஒப்பிட்டுவிடுங்கள்.

ஐம்பது வருடம் தாண்டி, பெரிய மாற்றம் இல்லாமல் பாதுகாக்கப்பட்ட வண்டிக்கு 2021 ஜூலை முதல் விண்டேஜ் பதிவு தனியாக இருக்கிறது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், புதுப்பிக்க 5,000. ஆனால் விண்டேஜ் எண் வாங்கிய வண்டியைத் தினசரி ஓட்டவோ வாடகைக்கு விடவோ முடியாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே. தினமும் ஓட்டுகிறவர்கள் சாதாரணப் புதுப்பித்தலிலேயே இருங்கள்.

புதுப்பிக்க முடியாத வண்டி

எல்லாம் பார்த்த பிறகு, சேசிஸே அரித்துவிட்டது, செலவு தாங்காது என்று முடிவானால் பழைய இரும்புக் கடைக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். ஆர்சி உங்கள் பெயரில் உயிரோடு இருக்கும். அந்த நம்பரையோ சேசிஸ் துண்டையோ வேறு வண்டியில் ஒட்டி யாராவது ஓட்டினால் போலீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். அங்கீகரிக்கப்பட்ட ஸ்கிராப் நிலையத்தில் கொடுத்தால் டெபாசிட் சான்றிதழ் தருவார்கள். புது வண்டி வாங்கும்போது வரிச் சலுகை கேட்க அது உதவும். வேறு வழியில் அழித்தால், 55ஆவது பிரிவின்படி பதினான்கு நாளுக்குள் ஆர்டிஓவுக்கு எழுதி ஆர்சியை ஒப்படைத்து ரத்து செய்ய வேண்டும். சேசிஸ் நம்பர் உள்ள பகுதியை வெட்டி வாங்கி, ரத்து ஆணை கைக்கு வரும்வரை உங்களிடமே வைத்திருங்கள்.